காற்று பிடித்த இதயம், நீர் கோத்த நுரையீரல்

"தலையிலதானே டாக்டர் ஆபரேஷன் பண்ணீங்க? நெஞ்சுல எப்படித் தண்ணி கோத்துச்சு?"

மூளை அறுவை நடக்கும் பெரிய மருத்துவமனைகளில், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் என்றாவது ஒரு நாள் இந்தக் கேள்வி எழத்தான் செய்யும். கேட்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பின்மண்டையைத் திறந்து சிறுமூளையை ஒட்டியிருந்த கட்டியை எடுத்தார்கள். கட்டி முழுதாக வந்துவிட்டது என்று அறுவை மருத்துவரே வெளியே வந்து சொல்லிவிட்டுப் போனார். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் நோயாளிக்கு மூச்சு வாங்குகிறது. விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் அளவு 97-லிருந்து 88-க்கு இறங்கியிருக்கிறது. சுவாசக் குழாயை உறிஞ்சி எடுத்தால் வெளிர்சிவப்பில் நுரை வருகிறது. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரல்களும் பஞ்சைப் பிய்த்துத் தூவியது போல வெளுத்துக் கிடக்கின்றன. கத்தி படவே படாத உறுப்பு இது.

வில்லன் காற்றுதான். மூக்கு வழியாக நெஞ்சுக்குள் போய்வரும் காற்றுக்கு இதில் பங்கில்லை. அறுவை நடந்தபோது மண்டையோட்டுச் சிரையின் ஒரு திறப்பு வழியாக ரத்தத்துக்குள் புகுந்த காற்று இது. மருத்துவத்தில் இதற்கு வீனஸ் ஏர் எம்போலிசம் என்று பெயர். தமிழில் சிரைவழிக் காற்றடைப்பு என்று சொல்லலாம். நரம்பியல் அறுவைக் கூடத்தில் மயக்க மருத்துவர்கள் முதல் நாளிலிருந்தே அஞ்சக் கற்றுக்கொள்கிற சில விஷயங்களில் இதுவும் ஒன்று.

ரத்தக் குழாயை வெட்டினால் ரத்தம் வெளியே வரும், சரி. காற்று ஏன் உள்ளே போகிறது?

கிணற்றில் மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். திடீரென்று ஒரு நாள் மோட்டார் ஓடும், சத்தம் மட்டும் கீச்சென்று ஏறும், வாய்க்காலில் ஒரு சொட்டு விழாது. "ஏர் பிடிச்சிருச்சு" என்பார்கள். என் சிறு வயதில் அந்த வேலை எனக்குத்தான் வரும்: ஒரு வாளித் தண்ணீரோடு கிணற்றுப் படியில் இறங்கி, பம்பின் தலையில் இருக்கும் நட்டைக் கழற்றி, காற்று புஸ்ஸென்று வெளியேறும் வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டை எங்கே என்று தேடினால் கண்ணுக்குத் தெரியாது. பம்புக்கு மேலே போகும் குழாயில் ஓட்டை விழுந்திருந்தால் தண்ணீர் பீய்ச்சி அடித்து, தானே காட்டிக்கொடுத்துவிடும். கீழே கிணற்றுக்குள் இறங்கும் உறிஞ்சுகுழாயில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் ஒரு துளி நீர் வெளியே கசியாது. வெளிக்காற்றைவிட அந்தக் குழாய்க்குள் அழுத்தம் குறைவு. ஓட்டை காற்றைத்தான் உறிஞ்சும்.

உடலில் தமனிகள் தண்ணீரைத் தள்ளும் குழாய்கள், வெட்டுப்பட்டால் பீய்ச்சியடிக்கும். இதயத்துக்கு மேலே இருக்கும் சிரைகள் உறிஞ்சுகுழாய்கள். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது, இதயத்திலிருந்து ஒவ்வொரு சென்டிமீட்டர் மேலே போகப்போகச் சிரை அழுத்தம் ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர் பாதரச அளவு குறைந்துகொண்டே போகிறது. உச்சந்தலைக்குக் கீழே ஓடும் பெரிய சிரைக்குழியில், நிற்கும் மனிதருக்கு அழுத்தம் சுழிக்கும் கீழே, சுமார் மைனஸ் 10 என்று உடலியங்கியல் பாடநூல்கள் சொல்கின்றன. கழுத்துச் சிரைகளில் இப்படி நேர்வதில்லை. அவை மெல்லிய சுவர் கொண்டவை, அழுத்தம் குறைந்தால் ஈரத்துணிப் பைபோல ஒட்டிக்கொள்ளும், வழி அடைபட்டுவிடும். மண்டைக்குள் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே சிரைக்குழிகள் தடித்த மூளையுறையின் இரு மடிப்புகளுக்கு இடையே, எலும்போடு இழுத்துக் கட்டிய கூடாரம் போல எப்போதும் விரிந்தே நிற்கின்றன. மண்டை எலும்பின் நடுவில் கடற்பஞ்சு போன்ற அடுக்கில் ஓடும் நுண்சிரைகளும் அப்படியே. எலும்பே அவற்றின் சுவர். வெட்டுப்பட்டாலும் சுருங்காமல் வாய் திறந்தபடி இருக்கும்.

இது ரொம்ப நாளாகவே தெரிந்த ஆபத்துதான். அமெரிக்க அறுவை மருத்துவர் நிக்கோலஸ் சென் 1885-ல் காற்றடைப்பைப் பற்றி விலங்குச் சோதனைகளோடு நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுதினார். மயக்க மருந்தே தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்த காலம் அது. லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி 1892-ல் தேன்மெழுகையும் பாதாம் எண்ணெயையும் கலந்து ஒரு பசை செய்தார், வெட்டிய எலும்பின் விளிம்பில் ரத்தக் கசிவை நிறுத்துவதற்காக. அதே மெழுகு, கொஞ்சம் மாறிய வடிவில், இன்றும் ஒவ்வொரு நரம்பியல் அறுவைத் தட்டிலும் சின்ன உருண்டையாக உட்கார்ந்திருக்கிறது. அறுவை மருத்துவர் அதைக் கட்டை விரலால் எலும்பு விளிம்பில் அழுத்தித் தேய்ப்பார், ஒழுகும் பாத்திரத்துக்குச் சோப்பு வைத்து அடைப்பதைப் போல. ரத்தம் வெளியே வராமல் இருக்கச் செய்தது, காற்று உள்ளே போகாமலும் காக்கிறது.

பின்மண்டை அறுவையை நோயாளியை உட்கார வைத்துச் செய்யும் வழக்கமும் உண்டு. ஆபத்து தெரிந்திருந்தும் ஏன் அப்படி உட்கார வைத்தார்கள்? பாரிஸில் தியரி த மார்ட்டெல் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோயாளியை நாற்காலியில் அமர்த்தி மூளை அறுவை செய்யும் முறையைக் கொண்டுவந்தார். காரணம் புவியீர்ப்பு. படுக்க வைத்துப் பின்மண்டையைத் திறந்தால், வெட்டும் குழிக்குள் ரத்தமும் மூளைத் தண்டுவட நீரும் குளம் கட்டும். உட்கார வைத்தால் தானாகவே கீழே வடிந்துவிடும். சிறுமூளையும் தன் எடையால் கொஞ்சம் கீழே சரிந்து வழிவிடும். அந்தச் சந்து வழியாக மூளையின் நடுவில், ஆழத்தில் கிடக்கும் பீனியல் சுரப்பி வரை போகலாம். பெர்லினில் ஃபெடோர் கிராவுஸே அப்படித்தான் போனார். அதே பாதையை 1971-ல் ஸ்டைன் என்ற அமெரிக்கர் நுண்ணோக்கியோடு மீண்டும் திறந்துவிட்டார்.

இப்படி உட்கார வைத்தால் தலை இதயத்துக்கு 20, 25 சென்டிமீட்டர் மேலே போய்விடுகிறது. கிணறு ஆழமாக ஆக உறிஞ்சுகுழாயில் இழுவிசை கூடுவது போலத்தான் இதுவும்.

சலைன் பாட்டில் தீரும்போது குழாயில் ஒரு குமிழி ஓடுவதைப் பார்த்துவிட்டு "சிஸ்டர், சிஸ்டர்!" என்று அலறாத நோயாளித் துணை உண்டா? ஒரு துளிக் காற்று போனாலே ஆள் காலி என்று நம் சினிமாக்களும் காலி ஊசியைக் காட்டிக் காட்டிப் பழக்கிவிட்டன. நிஜம் அவ்வளவு கொடூரமில்லை. சிரை வழியே போகும் ஒன்றிரண்டு குமிழிகளை நுரையீரல் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். பெரியவர் ஒருவரைச் சட்டென்று கொல்ல 200 முதல் 300 மில்லி காற்று தேவை என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. ஒரு டீ கிளாஸைவிடக் கூடுதலான காற்று. ஆனால் நிம்மதிப் பெருமூச்சு விடுவதற்கு முன் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: ரத்த தானத்துக்குக் குத்துவதைவிடக் கொஞ்சம் தடித்த, 14 கேஜ் ஊசியின் துவாரம் வழியாக, வெறும் 5 சென்டிமீட்டர் நீரழுத்த வித்தியாசத்தில், ஒரு நொடிக்கு 100 மில்லி காற்று போக முடியும். மூன்று நொடி போதும்.

இனி என்ன நடக்கிறது என்பதை அறுவைக் கூடத்துக்குள் போய்ப் பார்ப்போம். மயக்க மருத்துவரின் கண் மூன்று இடங்களில் இருக்கும், காது நான்காவது இடத்தில். நோயாளியின் நெஞ்செலும்பின் வலப்பக்கம் ஒட்டிவைத்த டாப்ளர் கருவி, இதயத்துக்குள் ரத்தம் ஓடும் சத்தத்தை "ஷ்ஷ்... ஷ்ஷ்..." என்று ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது. நாலு மணி நேரம் கேட்டால் தூக்கம் வரும் சத்தம். கால் மில்லி காற்று வலது மேலறைக்குள் வந்தாலும் அந்தத் தாளம் உடைந்து கரகரவென்று உறுமும். மருன் என்பவரும் அவரது கூட்டாளிகளும் 1968-ல் இதைச் செய்துகாட்டியதற்கு முன்னால், ஸ்டெதாஸ்கோப்பில் மோர் கடைவது போலக் கேட்கும் சத்தத்தைத்தான் நம்பியிருந்தார்கள். ஆலைச் சக்கரச் சத்தம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அது கேட்கும் நேரத்தில் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

அடுத்தது கேப்னோகிராம். ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடை அளந்து திரையில் குன்றுகளாகக் காட்டும் வரைபடம். 35 என்று சமமாகப் போய்க்கொண்டிருந்த குன்றுகள் 31, 28, 24 என்று சட்டென உயரம் குறைகின்றன. அதே வேளையில் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்தால் அங்கே கார்பன் டை ஆக்சைடு கூடியிருக்கும்! மூச்சில் குறைகிறது, ரத்தத்தில் கூடுகிறது. முதல்முறை படிக்கும் மாணவர்கள் குழம்பும் இடம் இது.

ஒரு பஸ் டிப்போவை எண்ணிக்கொள்ளுங்கள். எல்லா வழித்தடங்களிலும் பஸ்கள் வழக்கம்போல ஓடுகின்றன. பாதி நிறுத்தங்களுக்கு வரும் சாலைகளை யாரோ மறித்துவிட்டார்கள், பயணிகள் நிறுத்தத்துக்கு வந்து சேர முடியவில்லை. அந்த பஸ்கள் காலியாகவே திரும்புகின்றன. டிப்போவில் நின்று எண்ணினால் பஸ்ஸுக்குச் சராசரியாக ஏறிய ஆள் குறைந்திருக்கும். ஊருக்குள் கூட்டமோ ஏறிக்கொண்டே போகும். காற்று நுண்ணறைகளுக்குள் மூச்சுக் காற்று போகிறது, வருகிறது. ஆனால் அந்த நுண்ணறைகளைச் சுற்றியுள்ள நாளங்களைக் குமிழிகள் அடைத்திருப்பதால் ரத்தம் அங்கே வந்து சேரவில்லை. திரையில் குன்று தேய்வது, நுரையீரலின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகும் பாதை மூடிவிட்டது என்பதற்கான முதல் தகவல். ரத்த அழுத்தம் விழுவதற்கு முன்பே வந்துவிடும் தகவல்.

"ஏர் உள்ள போகுது சார்" என்று மயக்க மருத்துவர் குரல் கொடுத்ததும் அந்தக் கூடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் அசைகிறார்கள். அறுவை மருத்துவர் வெட்டுக் குழி முழுவதையும் சலைனால் நிரப்புகிறார். ஓட்டை இனி காற்றுக்குப் பதில் நீரை உறிஞ்சட்டும் என்பதற்காக. கிணற்றுப் படியில் நான் ஊற்றிய வாளித் தண்ணீர்தான். ஈரப் பஞ்சை அழுத்தி, எலும்பு விளிம்பில் மெழுகு தேய்க்கிறார்கள். கழுத்துச் சிரைகளை ஒருவர் லேசாக அழுத்திப் பிடித்தால் தலையில் சிரை அழுத்தம் ஏறி, ஓட்டை இருக்கும் இடத்தில் கருஞ்சிவப்பாக ரத்தம் துளிர்க்கும். ஒளிந்திருந்த திருடன் அகப்படும் தருணம். மேசையைச் சாய்த்துத் தலையைத் தாழ்த்துகிறார்கள். நோயாளியின் கழுத்து அல்லது கைச் சிரை வழியாக முன்கூட்டியே வலது மேலறையின் வாசல் வரை இறக்கி வைத்திருக்கும் குழாயில் பெரிய ஊசிக்குழலை மாட்டி இழுத்தால், ரத்தத்தோடு காற்று நுரை நுரையாக வரும். மேயோ கிளினிக்கில் மிக்கன்ஃபெல்டரும் அவரது கூட்டாளிகளும் 1966-ல் எழுதி வழக்கத்துக்குக் கொண்டுவந்த உத்தி அது. பம்பின் தலையில் நட்டைத் திருகிக் காற்றை வெளியேற்றுவது இதுதான்.

மயக்கத்துக்கு நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்துக்கொண்டிருந்தால் அதை உடனே நிறுத்துவார்கள். சிரிப்பூட்டும் வாயு என்ற செல்லப் பெயர் கொண்ட இது, நைட்ரஜனைவிட 34 மடங்கு அதிகமாக ரத்தத்தில் கரையக்கூடியது. குமிழிக்குள் இருக்கும் நைட்ரஜன் வெளியேறுவதைவிட வேகமாக இது உள்ளே புகுந்துவிடும். மூச்சில் பாதி நைட்ரஸ் ஆக்சைடு இருந்தால் குமிழி இரண்டு மடங்காக வீங்கும், முக்கால் பங்கு இருந்தால் நான்கு மடங்கு.

காற்று மொத்தமாக வந்தால் கதை இதயத்திலேயே முடிந்துவிடும். வலது கீழறை சுருங்கும்போது ரத்தம் நகரும், ஏனென்றால் திரவத்தை நசுக்க முடியாது. அறைக்குள் காற்று நிறைந்திருந்தால் சுருங்கும்போது காற்று நசுங்கும், விரியும்போது பழையபடி விரியும். இதயம் துடிக்கும், ரத்தம் போகாது. மோட்டார் ஓடும், வாய்க்கால் காயும்.

காற்று மெல்ல மெல்ல, குமிழி குமிழியாக வந்தால் இதயம் அதை ரத்தத்தோடு கடைந்து நுரையீரலுக்குத் தள்ளிவிடுகிறது. அதிகம் நடப்பது இதுதான், இந்தக் கட்டுரையின் கவலையும் இதுதான். நுரையீரல் என்பது மூச்சு விடும் உறுப்பு என்றுதான் நமக்குத் தெரியும். உடலின் சிரை ரத்தம் முழுவதும் வடிகட்டப்படும் சல்லடையும் அதுதான். காலிலிருந்து கிளம்பும் ரத்தக் கட்டி, முறிந்த எலும்பிலிருந்து கசியும் கொழுப்பு, ஊசி வழியே போகும் குமிழி, எல்லாம் முதலில் சிக்குவது அங்கேதான். சிக்கிய காற்றை என்ன செய்வது என்பதும் நுரையீரலுக்குத் தெரியும். நாளத்தில் அடைத்து நிற்கும் குமிழிக்கும் பக்கத்தில் இருக்கும் காற்று நுண்ணறைக்கும் இடையே இருப்பது ஒரு மெல்லிய சவ்வுதான். அதன் வழியே நைட்ரஜன் மெல்ல ஊடுருவி, அடுத்த மூச்சோடு வெளியே போய்விடும். நோயாளிக்கு 100 சதவீத ஆக்சிஜன் கொடுப்பதன் ஒரு நோக்கம் இது. நுண்ணறையில் நைட்ரஜனே இல்லாமல் ஆக்கிவிட்டால் குமிழியிலிருந்து அது இன்னும் விரைவாக வெளியேறும்.

இந்தச் சல்லடைக்கும் ஓர் எல்லை உண்டு. பட்லர், ஹில்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் நாய்களில் அளந்து பார்த்தபோது, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.3 மில்லி வரை காற்று போனால் நுரையீரல் தாக்குப்பிடித்தது. அதற்கு மேல் போனால் குமிழிகள் மறுபக்கம் தமனி ரத்தத்துக்குள் நழுவின. நாயின் கணக்கை மனிதருக்கு அப்படியே போட முடியாது என்றாலும், மெதுவாக வரும் காற்றையும் மளமளவென்று வரும் காற்றையும் உடல் ஏன் இவ்வளவு வித்தியாசமாக எடுத்துக்கொள்கிறது என்பதற்கு இது ஒரு விடை. சல்லடையைச் சுற்றிப் போகும் குறுக்குவழியும் சிலரிடம் உண்டு. கருவில் எல்லாருக்கும் திறந்திருக்கும் இதய மேலறைத் துவாரம் நாலில் ஒருவருக்கு முழுதாக மூடுவதில்லை. அவர்களுக்குக் காற்று நேராக இடப்பக்கம் தாவி மூளைக்குப் போய்விடக்கூடும். உட்கார வைத்து அறுவை செய்யத் திட்டமிட்டால் முன்கூட்டியே எக்கோ எடுத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

குமிழிகள் சிக்கியதும் நுரையீரலில் நடப்பது என்ன? வலது இதயம் நுரையீரலுக்கு ரத்தம் தள்ளும் அழுத்தம் சராசரியாக 15 மில்லிமீட்டர் பாதரசம்தான், உடல் முழுக்கத் தள்ளும் இடப்பக்கத்தின் அழுத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. அந்த வேலைக்கு ஏற்ற மெல்லிய சுவர்தான் வலப்பக்கத்துக்கு. பாதிச் சாலைகள் அடைபட்டதும் அழுத்தம் ஏறுகிறது, வலது இதயம் திணறுகிறது. மூச்சுக் குழல்கள் இறுகி, ஆஸ்துமா போல விசில் சத்தம் கேட்கலாம். விழித்த நிலையில் மூளை அறுவை நடக்கும் சிலருக்கு இந்த நேரத்தில் அடக்க முடியாத இருமலும் மூச்சுத் தவிப்பும் வரும். தவிப்போடு அவர்கள் ஆழமாக இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் நெஞ்சுக்குள் அழுத்தத்தை இன்னும் குறைத்து, ஓட்டை வழியே இன்னும் காற்றை இழுக்கும். இந்தக் கொடுமையை என்னவென்று சொல்வது!

இவையெல்லாம் அறுவை மேசையிலேயே தெரிந்துவிடும். அரை மணி நேரத்தில் ஓட்டை அடைபட்டு, கேப்னோகிராம் பழைய உயரத்துக்குத் திரும்பி, எல்லாரும் மூச்சு விட்டுக்கொள்வார்கள். குமிழிகள் கரைந்துவிட்டன. இனி என்ன என்று நினைக்கும்போதுதான், ஒரு மணி நேரத்திலோ சில மணி நேரத்திலோ, நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்குகிறது. அடைத்தவன் போன பிறகு எதற்கு இந்த வெள்ளம்?

நம் கண்ணுக்குக் குமிழி என்பது வெறுமை. ரத்தத்துக்கு அது ஓர் அந்நியப் பொருள். வெளியிலிருந்து வந்த ஒரு முள்ளைப் போலத்தான் ரத்தம் அதை நடத்துகிறது. நீரும் காற்றும் சந்திக்கும் அந்த மெல்லிய பரப்பில் ரத்தப் புரதங்கள் ஒட்டி, தம் மடிப்பு குலைந்து உருமாறுகின்றன, பாலின் மேல் ஆடை படிவதைப் போல. அந்த ஆடையின் மேல் தட்டணுக்கள் வந்து அப்புகின்றன, ஃபைப்ரின் இழைகள் வலை பின்னுகின்றன, வெள்ளணுக்கள் மோப்பம் பிடித்து வந்து குவிகின்றன. படையெடுப்பு என்று நினைத்துக்கொண்டு அவை உமிழும் ரசாயனங்கள், குமிழி உட்கார்ந்திருந்த நாளத்தின் உட்சுவரைத்தான் அரிக்கின்றன. உட்சுவர்ச் செல்களுக்கு இடையே இடைவெளி விழுகிறது. காற்று மறைந்த பின்னும் இந்தப் பட்டாளம் கலைவதில்லை. அடைபடாத நாளங்கள் வழியே இரட்டிப்பு வேகத்தில் பாய்ந்த ரத்தமும் தன் பங்குக்கு அவற்றைத் தேய்த்திருக்கும். புரதம் செறிந்த திரவம் நுண்ணறைகளுக்குள் கசிகிறது.

இதை அளந்து காட்டியவர்கள் ஆடுகளுக்குக் கடமைப்பட்டவர்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் நார்மன் ஸ்டாபின் ஆய்வகம் செம்மறி ஆடுகளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அவற்றின் நுரையீரலிலிருந்து வடியும் நிணநீர் பெரும்பாலும் ஒரே பெரிய நிணநீர் முடிச்சு வழியாகப் போகிறது. அங்கே ஒரு மெல்லிய குழாயைச் செருகிவிட்டால், நுரையீரல் எவ்வளவு கசிகிறது என்பதைச் சொட்டுச் சொட்டாகச் சேகரித்து எண்ணலாம். சிரை வழியே காற்றை மெல்லச் செலுத்தியபோது நிணநீர் பெருகியது. அதிலிருந்த புரதமும் குறையவில்லை. வெறும் அழுத்தத்தால் பிதுங்கிய நீராக இருந்தால் புரதம் நீர்த்துப்போயிருக்க வேண்டும். ஆக, சுவரே ஒழுகியிருக்கிறது. காற்றை நிறுத்திய பிறகு கசிவும் அடங்கியது. 1981-ல் வெளிவந்த முடிவு இது. அதே ஆண்டு அதே ஆய்வகம் இன்னொன்றும் செய்தது: காற்றுக்குப் பதிலாக நுண்ணிய கண்ணாடி மணிகளால் நாளங்களை அடைத்துப் பார்த்தார்கள். முன்கூட்டியே வெள்ளணுக்களைக் குறைத்துவிட்ட ஆடுகளில் கசிவு அந்த அளவுக்கு ஏறவில்லை. வீட்டை இடித்தது யார் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

ஆழ்கடலிலிருந்து அவசரமாக மேலே வரும் முக்குளிப்பவர்களுக்கும் இதே நோய் உண்டு. அவர்கள் ரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாகக் கிளம்பி, சிரை வழியே நுரையீரலில் வந்து அடைக்கும். நெஞ்சு எரியும், இருமல் நிற்காது, மூச்சு முட்டும். நாற்காலியில் மயங்கி உட்கார்ந்திருக்கும் நோயாளியும் கடலுக்கடியிலிருந்து வந்தவரும் நுரையீரல் மட்டத்தில் ஒருவரே.

மீண்டும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு. வெளிர்சிவப்பு நுரையைக் கண்டதும் காற்றடைப்புதான் என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. மூளைத்தண்டுக்கு அருகே அறுவை நடந்தால், நரம்புத் தூண்டுதலாலேயே நுரையீரலில் நீர் கோப்பதுண்டு. ஏற்றிய ரத்தம் ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம். இரைப்பைத் திரவம் புரையேறியிருக்கலாம். சலைன் அளவுக்கு மீறி ஏறியிருக்கலாம். சுவாசக் குழாயை எடுத்ததும் தொண்டை இறுகி, மூடிய கதவுக்கு எதிராக நோயாளி இழுத்த மூச்சே நீரை உறிஞ்சியிருக்கலாம். துப்பறியும் வேலைதான். உறிஞ்சி எடுத்த திரவத்தில் புரதத்தை அளந்து ரத்தத்தோடு ஒப்பிடுவது ஒரு வழி. ரத்தத் திரவப் புரதத்தில் முக்கால் பங்குக்கு மேல் இருந்தால் சுவர் கசிகிறது என்று பொருள், குற்றவாளி இதயமோ கூடுதல் சலைனோ இல்லை. நீர் பிரியும் மருந்தைக் கொட்டிக் கொடுத்தும் பெரிய பலன் இல்லாததற்குக் காரணமும் அதுவே. ஓட்டைப் பானையில் தண்ணீரைக் குறைத்து ஊற்றினால் ஒழுகுவது கொஞ்சம் குறையும், ஓட்டை அடைபடாது.

பிறகு சிகிச்சை? நேரம் வாங்கிக் கொடுப்பதுதான். ஆக்சிஜன் கொடுத்து, மூச்சு வெளியேறும்போதும் நுண்ணறைகள் முழுதாக மூடிவிடாதபடி வென்டிலேட்டரில் சிறிது அழுத்தம் நிறுத்தி வைப்பார்கள். இங்கேதான் தலையும் நெஞ்சும் முட்டிக்கொள்கின்றன. இப்படிக் கசியும் நுரையீரலுக்குச் சிறிய சிறிய மூச்சாகக் கொடுப்பதே நல்லது, கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்லை என்பது பொதுவான பாடம். அப்போதுதான் அறுவை முடிந்த மூளைக்கு அது ஆகாது. கார்பன் டை ஆக்சைடு ஏறினால் மூளை நாளங்கள் விரியும், மண்டைக்குள் அழுத்தம் கூடும். வென்டிலேட்டர் அழுத்தத்தை அதிகம் ஏற்றினால் தலையிலிருந்து சிரை ரத்தம் இறங்குவதும் தடைபடும். நுரையீரல் கேட்பதை மூளை மறுக்கிறது. எண்களைத் துளித்துளியாகக் கூட்டிக் குறைத்து இரவு முழுக்கப் பக்கத்தில் நிற்பவர்களின் கைத்திறமை அங்கேதான் தெரியும். நல்லவேளையாக, காற்றால் வந்த கசிவு பெரும்பாலும் நீடிப்பதில்லை. ஆடுகளில் பார்த்தது போலவே, ஒன்றிரண்டு நாளில் பலருக்கு எக்ஸ்ரே தெளிந்துவிடுகிறது. தெளியாமல் முற்றி, தொற்றும் சேர்ந்துகொண்டு உயிருக்கு மன்றாடுபவர்களும் உண்டு.

இவ்வளவு தொல்லை இருந்தால் உட்கார வைப்பதையே விட்டுவிட வேண்டியதுதானே? பல இடங்களில் விட்டும்விட்டார்கள். குப்புறப் படுக்க வைத்தோ ஒருக்களித்தோ செய்கிறார்கள். மேயோ கிளினிக்கில் 579 பின்மண்டை அறுவைகளை அலசி 1988-ல் வெளியிட்டபோது, உட்கார்ந்தவர்களில் 45 சதவீதம் பேருக்கும் படுத்தவர்களில் 12 சதவீதம் பேருக்கும் காற்று புகுந்தது தெரிந்தது. படுக்க வைத்தாலும் பூஜ்யம் இல்லை என்பதைக் கவனியுங்கள். மறுபக்கம், உட்கார்ந்தவர்களுக்கு ரத்தம் குறைவாகவே ஏற்ற வேண்டியிருந்தது. ஜெர்மனியின் சில மையங்கள் இன்றும் அதை விடவில்லை, ஆனால் நாற்காலியை மாற்றிவிட்டார்கள். உடலைச் சாய்த்துக் கால்களை உயர்த்தி, சாய்வு நாற்காலியில் படுத்துப் பேப்பர் படிப்பவரைப் போல வைக்கிறார்கள். கால்களில் தேங்கும் ரத்தம் இதயத்துக்குத் திரும்புவதால் சிரை அழுத்தம் அவ்வளவு விழுவதில்லை. எர்லாங்கன் நகரில் 600 பேருக்கு உட்கார வைத்துச் செய்த அறுவைகளில் 19 சதவீதம் பேருக்குக் காற்று புகுந்தது, கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் 3.3 சதவீதம். என்னைக் கேட்டால், சண்டை உட்கார்வதா படுப்பதா என்பதில் இல்லை. டாப்ளரும் இதயக் குழாயும் அவற்றைக் கேட்கத் தெரிந்த காதும் இல்லாத இடத்தில் உட்கார வைக்கக் கூடாது. அவ்வளவுதான்.

வாசலில் நிற்பவருக்குப் பதில் சொல்வதற்கு முன், தீவிர சிகிச்சை மருத்துவர் மயக்க மருத்துவரின் பதிவுத் தாளை எடுத்துப் பார்ப்பார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளியாகக் குறித்த கட்டத் தாள் அது. எலும்பு வெட்டிய நேரத்தைத் தேடி, அங்கிருந்து கார்பன் டை ஆக்சைடின் வரிசையில் விரலை ஓட்டுவார். 35, 35, 34, 27, 30, 34. அந்த 27-க்குப் பக்கத்தில் யாரோ அவசரக் கையெழுத்தில் "சலைன் ஊற்றியது, மெழுகு" என்று எழுதியிருந்தால், வாசலுக்குப் போய் விளக்கம் சொல்ல அவரிடம் ஏதோ இருக்கிறது. சில தாள்களில் அந்தப் பள்ளமே இருக்காது. யார் காதிலும் விழாத அளவுக்கு மெதுவாக, மணிக்கணக்கில், குமிழி குமிழியாகப் போயிருக்கும்.